அட்டவணைக்கு மேலே ஏறிய கடைமடை

எங்கள் வீட்டில் காலைச் சண்டை காப்பியில் சர்க்கரை கூடியதற்கோ குறைந்ததற்கோ வருவதில்லை. ஹெச்டிஎம்எல் நல்லதா எக்ஸ்எம்எல் நல்லதா என்றுதான் வரும். சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன், இப்போது சிரிப்பதில்லை.

என் வீட்டுக்காரர் பாலக்காட்டுச் சித்தூரில் வீட்டிலிருந்தபடியே கல்யாண மண்டபங்களுக்கும் துணிக்கடைகளுக்கும் இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிறவர். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கிருந்து கிளம்புகிற சரக்கின் விவரத்தை, வாங்குகிறவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எக்ஸ்எம்எல் கோப்பாக்கி அனுப்புவது என் வேலை. அவர் மனிதர்கள் பார்ப்பதற்கு எழுதுகிறார், நான் கம்ப்யூட்டர் படிப்பதற்கு எழுதுகிறேன். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே கோண அடைப்புக்குறிகள்தான். ஒரு பொருளுக்கு முன்னால் ஒரு குறி போட்டுத் திறக்க வேண்டும், பின்னால் சாய்கோட்டோடு இன்னொன்று போட்டு மூட வேண்டும். அவருடைய ஹெச்டிஎம்எல்லில் இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணையில் ஒரு கட்டம் என்று குறிகளுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் பெயர்களை நாமே வைத்துக்கொள்ளலாம். மூட்டை என்று வைக்கலாம், லாரி என்று வைக்கலாம்.

ஆனால் குணம் இருக்கிறதே, அது வேறு வேறு. ஹெச்டிஎம்எல்லில் திறந்த குறியை மூட மறந்தால் பிரௌசர் ஒரு வார்த்தை சொல்லாது. தானே யூகித்து, தானே மூடி, பக்கத்தைக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல்லில் ஒரே ஒரு குறி மூடாமல் போனாலும் போச்சு, மொத்தக் கோப்பையும் படிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடும். எனக்கு அந்தக் கறார் பிடிக்கும். தப்பென்றால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாமா?

"உன்ற எக்ஸ்எம்எல்லு மாமியாக்காரியாட்ட. ஒரு உப்புக்கல்லு கொறஞ்சாலும் எலையத் தள்ளி வெச்சிரும்" என்பார் அவர்.

"உங்குளுது ஊமைக் குசும்புங்க. தப்ப மறைச்சுச் சிரிச்சுட்டே நிக்கும், ஒரு நாளைக்கு மொத்தமாக் கவுத்துடும்" என்பேன் நான்.

இடையில் அவருடைய சிநேகிதர்கள் யாராவது வந்தால், இரண்டும் பழசு, ஜேசன்தான் இப்போது எல்லாம் என்பார்கள். அதில் குறிகளே கிடையாது, வளைந்த அடைப்பும் காற்புள்ளியும்தான். தரவு அனுப்ப நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதில் ஒரு காற்புள்ளி கூடினாலும் கோப்பு படுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்க்டவுன் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் அழுத்தமாகத் தெரியும். அதன் தூரத்துச் சொந்தம்தான் வாட்ஸ்அப்பில் நாம் எல்லாரும் போடுவது. எங்கள் பாடசேகர சமிதியின் செக்ரட்டரிக்கு அந்த ரகசியத்தை யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் அவர் அனுப்புகிற ஒவ்வொரு சொல்லும் தடிமனாகத்தான் வருகிறது. வணக்கம்கூட அதட்டுகிற மாதிரி இருக்கும்.

பாடசேகர சமிதி என்பது ஒரே வாய்க்காலில் நெல் விளைவிக்கிறவர்களின் சங்கம். அணையில் திறக்கிற தண்ணீர் பெரிய வாய்க்காலில் வந்து, ஒவ்வொரு மடையாகப் பிரிந்து வயல்களுக்குப் போகும். எங்கள் பக்கத்து வழக்கப்படி தலைமடைக்காரர்கள் முதலில் பாய்ச்சுவார்கள், அப்புறம் நடுமடை, கடைசியில் கடைமடை. யாருக்கு எப்போது முறை என்பதைச் செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்புவார். பின்னால் டிராக்டர் சத்தம், நாய் குரைப்பு, நடுவில் முறை. யாருக்கும் புரியாது. புரிந்தவர்களும் தங்களுக்குச் சாதகமாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

அதனால் போன வேனிலில் எங்கள் இரண்டு பேரையும் பிடித்தார்கள். அவர் முறையைக் காட்டுகிற ஒரு இணையப் பக்கம் செய்ய வேண்டும், நான் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு எழுத வேண்டும். அந்தக் கோப்பைப் படித்து, முறை வருகிறவர்களின் போனுக்குத் தானாகக் கூப்பிட்டுச் சொல்கிற ஒரு சேவை இருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவை இரண்டு பேரும் ஒரே விஷயத்தை அவரவர் மொழியில் எழுதினோம். போட்டியில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கடைமடையில் இருப்பது என் அக்காவின் வயல். மச்சான் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி வீட்டில் இருக்க மாட்டார். உழவு, நடவு, மருந்து எல்லாம் அவள்தான். பக்கத்துத் தோப்பின் தேங்காய் அவள் வரப்பில் விழுந்தால்கூட எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருவாள். அப்படி ஒரு பிறவி. அந்த வேனிலில் மழை ஏமாற்றிவிட்டது. அதற்கு முந்தைய முறையில் தண்ணீர் நடுமடை தாண்டியதும் நூலாக இளைத்து, அவள் வயலுக்கு ஈரம் காட்டிவிட்டுப் போய்விட்டது. நெல் பொதியாக இருந்தது, கதிர் உள்ளே சுருண்டு வெளியே வரக் காத்திருக்கிற பருவம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் வரும், மணி இருக்காது, அத்தனையும் பதர். இந்த முறையோடு அணையையும் மூடப் போகிறார்கள் என்று பேச்சு.

"இந்தத் தடவையும் எனக்கு வல்லீன்னா மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்டி" என்று அக்கா சொன்னாள். அழவில்லை. அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கடைசி முறைக்குத்தான் பக்கம் முதன்முதலில் தயாரானது. அக்காவின் வாய்க்கால் அதில் இல்லை. சமிதி கொடுத்த பழைய வரைபடத்தில் அவளுடைய கிளை கிடையாது, பின்னால் வெட்டியது. அவள் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் அப்போது மண்டபக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு காதில் மண்டபம், ஒரு காதில் அக்கா. "இப்பவே சேத்தீர்றனுங்க நங்கையா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த போனிலேயே அட்டவணையின் கடைசியில் ஒரு வரி தட்டினார். சாயங்காலம் செக்ரட்டரி சுட்டியை நட்சத்திரங்களோடு குழுவில் போட்டார். வாய்க்காலிலும் தண்ணீர் விட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம். தலைமடை மாமா. எங்களுக்கு மாமன் முறை, வாய்க்காலின் தொடக்கத்தில் பெரிய வயல்காரர், குரலும் பெரிசு. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"அம்மிணி, இது ஆரு பண்ணுன முடிவு? சமிதி கூடவே இல்ல. கடைமடைக்கு மொத மரியாதையாமா?"

வாங்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் பக்கம்தான். அழகான நீல அட்டவணை, தலைமடை முதல் நடுமடை வரை கட்டம் கட்டமாக. ஆனால் அட்டவணைக்கு வெளியே, உச்சியில், தனியாக ஒரு வரி. கடைமடைக் கிளை வாய்க்கால்.

எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் திருவிழா நோட்டீஸ் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டங்களில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டளைக்காரர் பெயர் இருக்கும். முதல் மரியாதை யாருக்கோ அவர் பெயர் மட்டும் கட்டத்துக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். வாய்க்கால்காரர்கள் அத்தனை பேரும் பக்கத்தை அப்படியே படித்துவிட்டார்கள்.

"நீங்க என்னுங்க மாமா பண்ணுனீங்க?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"என்ன பண்றது? ஊரே ஒத்துக்கிட்டாப்பல இருக்குது, நா மட்டும் எதுக்குப் பொல்லாப்புன்னு என்ற மடையச் சாத்திட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரனும் சாத்திட்டான். அவனக் கேட்டா, மாமாவே சாத்திட்டாரு, நா எப்புடித் தொறக்கறதுங்கறான்!"

ஆக, ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சாத்தி, அவரைப் பார்த்து இன்னொருவர் சாத்தி, வாய்க்கால் நெடுகிலும் எல்லா மடையும் மூடிக் கிடந்தது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கடைமடைக்குத் தண்ணீர் விட மனசில்லாதவன் என்று பெயர் வந்துவிடுமாம். அடக் கடவுளே!

மாமாவைத் தின்பண்டம் கொடுத்து உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடி, பக்கத்தின் உள் எழுத்தைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில் வரிசைக்கான குறி இருந்தது, கட்டத்துக்கான குறியை இவர் போடவே இல்லை. அட்டவணைக்குள் கட்டமில்லாமல் எழுத்து நின்றால் பிரௌசர் என்ன செய்யும் தெரியுமா? அதை வெளியே தூக்கி, அட்டவணைக்கு மேலே வைத்துவிடும். பிழை என்று ஒரு முனகல்கூட இல்லாமல்.

"பாத்தீங்களா உங்க பொறுமசாலியோட லட்சணத்த!" என்று ஆரம்பித்தேன். எனக்கு அன்று வாய்க்கு விருந்து. "என்ற எக்ஸ்எம்எல்லா இருந்திருந்தா நேத்தே நின்னிருக்கும்!"

"நின்னுதானே போயிருக்குது" என்றார் அவர், நிதானமாக.

என் மின்னஞ்சலைக் காட்டினார். கோப்பைப் படிக்க முடியவில்லை, ஒருவருக்கும் போன் போகவில்லை என்று அந்தச் சேவையிலிருந்து முந்தின சாயங்காலமே தகவல் வந்திருந்தது. செக்ரட்டரி எனக்குக் கொடுத்த பட்டியலில், அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரால் அழைக்கிற ஒரு வாய்க்காலை எழுதும்போது, பெயர்களுக்கு நடுவில் 'உம்' போடாமல் கம்பெனிப் பெயர்களில் 'அண்ட்' என்பதற்கு வருகிற & குறியைப் போட்டிருக்கிறார், நானும் அப்படியே கோப்பில் ஏற்றிவிட்டேன். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியைத் தனியாக எழுதக் கூடாது. எழுதினால் கோப்பு செல்லாது. அவருடையது தப்பாகச் சொன்னது, என்னுடையது எதுவுமே சொல்லவில்லை. அவர் பல்லைக் காட்டிக்கொண்டே இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். "தண்ணி வருதுடி. கிளைக்குத் திரும்பிருச்சு. இன்னும் வயலுக்குள்ள ஏறல" என்றாள். இன்னும் என்னவோ சொல்ல வந்தவள், போனை வைத்துவிட்டாள்.

இது தப்பு என்று சொன்னால் மடைகளை உடனே திறந்துவிடுவார்கள். தண்ணீர் தலைமடைக்குத் திரும்பும். அக்காவுக்குக் கடைசியில் வரும்போது அணையை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பக்கத்தைக்கூட அப்புறமாகத் திருத்திக்கொள்ளலாம்.

"கொஞ்ச நேரம் இரு புள்ள" என்றார் அவர், மெதுவாக. "வயலுக்குள்ள ஏறட்டும்."

"மாமா வெளிய உக்காந்திருக்கறாருங்க. நம்ம கை முறுக்கத் தின்னுட்டு இருக்கறாரு. அவருகிட்ட எப்புடிங்க மறைக்கறது?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு, மாமாவிடம் சமிதியைக் கூட்டச் சொன்னேன்.

வாய்க்கால் ஓரத்து மோட்டார் ஷெட்டில் கூடினோம். நான் எழுந்து, இது சமிதி எடுத்த முடிவில்லை, கட்டத்துக்கான குறி விட்டுப்போனதால் வந்த பிழை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கூட்டத்துக்கு வரவில்லை, வரப்பிலேயே இருந்தாள்.

நடுமடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "கட்டமில்லாததத் தூக்கி வெளிய போட்டுது, சரி. கீழ போடலாமல்லங்க? மேல எதுக்குங்க வெச்சுது?"

"அது அப்புடித்தானுங்க, பிரௌசருக்கு அதுதான் சட்டம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நல்ல சட்டமாத்தான் இருக்குது" என்று யாரோ சொல்ல, ஷெட்டே சிரித்தது. தங்கள் பெயரால் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்று தெரிந்ததும் அண்ணனும் தம்பியும் மாலை போட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் தலைமடை மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதுதான் நடக்கும்.

மாமா எழுந்து போய் வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"காஞ்சு கெடந்த வாய்க்கா இவ்வளவு நேரமாத் தண்ணியக் குடிச்சிருக்குது. கடசி வரைக்கும் மண்ணு நனஞ்சு இப்பத்தான் ஓட்டம் புடிச்சிருக்குது. இப்பப் போயித் திருப்புனா, மண்ணு குடிச்ச தண்ணி அவளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. எவனாச்சு அப்புடிப் பண்ணுவானா? போற தண்ணி போயிச் சேரட்டும். என்ற நெல்லு பின்னால நட்டது, இப்பத்தான் தூரு கட்டுது, தாங்கும்." என் பக்கம் திரும்பினார். "ஆனா அம்மிணி, அடுத்த மொறைக்கு உன்ற ஊட்டுக்காரனக் கணக்காக் கட்டம் போடச் சொல்லு."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்திருந்தால் திட்டியிருப்பார். அன்று மத்தியானம் வரை மடைகள் மூடியே இருந்தன. அக்கா வயலில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அப்புறம் தலைமடை திறந்தார்கள், வழக்கப்படி முறை நடந்தது. அணையை மூடும்போது மாமாவின் ஒரு வயலுக்குத் தண்ணீர் அரைகுறையாகத்தான் கிடைத்தது. அதைப் பற்றி இன்றுவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாட்டம் திட்டுவார். நானும் நின்று கேட்டுக்கொள்வேன்.

எங்கள் சண்டைக்கும் ஒரு வழி பண்ணினோம். விவரங்களை இப்போது என் எக்ஸ்எம்எல்லில் மட்டும்தான் எழுதுகிறோம். அதிலிருந்து அவருடைய பக்கம் தானாகத் தயாராகிவிடுகிறது. அதற்கென்றே ஒரு உருமாற்று மொழி இருக்கிறது, அதையும் கோணக் குறிகளில்தான் எழுத வேண்டும். கட்டம் விட்டுப்போக வழியில்லை. கோப்பில் பிழை இருந்தால் பக்கமே மாறாது, எங்கள் இரண்டு பேரின் போனும் அலறும். வேர் என்னுடையது, பூ அவருடையது என்று நான் சொல்லிக்கொள்வேன். பூவைத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொள்வார்.

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டில் இல்லை, வயலில் இருந்தாள். கதிர் முழுக்க வெளியே வந்து நின்றது. வரப்பில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும்டி" என்றாள்.

"என்னுது?"

"தப்புன்னு. கடசி வரிலதான் எழுதறேன்னு மாப்ள சொன்னாரு. தொறந்து பாத்தா உச்சீல நிக்குது. மாப்ளயக் கூப்டோணும்னு போன எடுத்தேன். எடுத்து, நெல்லப் பாத்துட்டு, திருப்பி வெச்சுட்டேன். விடிய விடிய முழிச்சிட்டே கெடந்தேன். காலைல உனக்குக் கூப்டப்பவும் சொல்லத்தான் கூப்டேன். வாயே வல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்தவர் தேங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற என் அக்கா, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அன்று ஷெட்டில் நான் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றேனே, அதைச் சொல்லிக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் தனியாகக் கிடந்து விழித்த அந்த ராத்திரியை நினைத்ததும் அதை விட்டுவிட்டேன். கோபம் வரவே இல்லை. பாசம்தான் பொங்கியது. இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

"நெல்லு எப்புடிக்கா இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைக்கெட்டிய ஒரு கதிரை இழுத்து, ஒரு மணியைக் கிள்ளி, நகத்தால் அழுத்தினாள். வெள்ளையாகப் பால் வந்தது.

"பாரு" என்று விரலை என்னிடம் நீட்டினாள்.